பெஜோ 504: பின் அச்சு எந்த வகை?

உங்கள் 1974 பெஜோ 504 செடானுக்கு வாங்கிய பின்பக்க ஷாக் அப்சார்பர் பொருந்தாததற்குக் காரணம், வண்டி பெரும்பாலும் 504 எல் ஆக இருப்பதுதான்.

1968-இல் வந்த செடானில் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும். 1973-இல் விலையைக் குறைக்க வந்த 504 எல் வகையிலோ, எஸ்டேட்டைப் (பின்பகுதி நீண்ட, சுமை ஏற்றும் வகை) போல, இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை இறுக்கமான அச்சு. சுருள் வில்கள் உண்டு. இரண்டுக்கும் உடல் ஒன்றே. இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா வரைந்த, டிக்கி மூடி பாதியில் மடங்கிச் சரியும் அந்த அழகான பின்புறத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். டிஃபரன்ஷியலிலிருந்து (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) சக்கரம் வரை தடித்த குழாய் ஒரே துண்டாக ஓடினால் இறுக்கமான அச்சு. டிஃபரன்ஷியல் உடலோடு தொங்கி, இருபுறமும் மூட்டுள்ள மெல்லிய தண்டுகள் சுழன்றால் தனி அசைவு.

பதிவுப் புத்தகத்தை மட்டும் நம்பி மறுபடி ஆர்டர் செய்யாதீர்கள். ஐம்பது வருட வண்டியில் யாராவது பின் அச்சையே மாற்றியிருக்கலாம். எஸ்டேட்டின் உதிரியும் வேண்டாம். அது சுமைக்காகச் செய்தது, முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமே செடானைப் போல 2,740 அல்ல, 2,900 மில்லிமீட்டர். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.