நிபா, பந்த், வெள்ளம்: கிளம்பலாமா, வேண்டாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தர்மபுரியில் டிக்கெட் போடுவதும் யாத்திரை வண்டி ஏற்பாடு செய்வதும்தான் என் தொழில். டிவியில் கீழே ஒரு வரி ஓடினால் போதும், போன் அடிக்க ஆரம்பித்துவிடும், எல்லாரும் கேட்பது ஒன்றுதான், கேன்சல் பண்ணிடலாமா. அதனால்தான் கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொன்னேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயந்துபோய் நீங்களாகக் கேன்சல் செய்தால் பிடித்தம் போகத்தான் பணம் வரும், சில டிக்கெட்டில் ஒன்றுமே வராது. விமானமோ ரயிலோ அவர்களே ரத்து செய்தால் முழுப் பணமும் உங்களுக்குச் சேர வேண்டியது. நான் டாக்டர் இல்லை, உடம்பு விஷயத்தில் சந்தேகம் என்றால் 104க்குக் கூப்பிடுங்கள், அரசு உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

பாலக்கோட்டிலிருந்து: அண்ணா, எங்க தக்காளி லோடு கோழிக்கோடு, மஞ்சேரி பக்கம் போகும். நிபான்னு செய்தி வந்ததும் டிரைவர் வீட்டில் போக வேண்டாம்னு அழறாங்க. வண்டியை நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம், ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "கேரளாவில் நிபா" என்பது செய்தி. உங்கள் வண்டி போவது ஒரு மண்டிக்கு. அந்த மண்டி எந்தப் பஞ்சாயத்து, எந்த வார்டு என்று சரக்கு எடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கட்டுப்பாட்டுப் பகுதியை அங்கே வார்டு கணக்கில்தான் அறிவிக்கிறார்கள். மாவட்டம் முழுவதும் மூடுவதில்லை. மண்டி அந்த வார்டுக்குள் வந்தால் வேறு இடத்தில் இறக்கச் சொல்லுங்கள்.

நிபா என்பது ஒரு வைரஸ், பழம் தின்னும் வௌவாலிடமிருந்து வருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு என்றால், நோயாளியை மிக நெருங்கிப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. 2018-ல் கோழிக்கோட்டில் முதல் தடவை வந்தபோது தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆஸ்பத்திரியில் வந்தது. சாலையில் வண்டி ஓட்டிப் போனவர்களுக்கு அல்ல. அதனால் டிரைவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: தெரிந்தவர் அட்மிட் ஆகியிருக்கிறார் என்று எந்த ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது, கடித்த தடம் உள்ள பழத்தைத் தொடக் கூடாது, திறந்த பானையில் இறக்கிய கள் வேண்டவே வேண்டாம். கேரள எல்லையில், வாளையாறில் காய்ச்சல் பார்ப்பார்கள், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்பட்டும். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் வாய் திறந்ததும் "கேரளா போய் வந்தேன்" என்று சொல்ல வேண்டும். இதை மறைப்பதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. வேலை போய்விடும், வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்று மறைக்கிறார்கள். முதலாளி நீங்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைக்க மாட்டார்.

பென்னாகரத்திலிருந்து: மாலை போட்டிருக்கோம் சாமி. மூக்கு வழியா அமீபா போய் மூளையைத் தின்னுதாம், பம்பையில் குளிக்கலாமா?

குளிக்கலாம் சாமி, மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த அமீபா தண்ணீரைக் குடிப்பதால் மூளைக்குப் போவதில்லை, மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்கு போடுங்கள், குதிக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளைத் தலை முங்க அமுக்காதீர்கள். வழியில் தேங்கிக் கிடக்கும் குளம், குட்டையில் இறங்க வேண்டாம். மிக அரிதாக வருவது, வந்தால் பிழைப்பது கஷ்டம், அதனால் குளித்த சில நாளில் கடும் தலைவலியும் காய்ச்சலும் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

அமீபாவை விட நான் கவலைப்படுவது பிரஷர், இதய நோய் உள்ள குருசாமிகளைப் பற்றி. பம்பையிலிருந்து சன்னிதானம் சுமார் 5 கிலோமீட்டர், நீலிமலை ஏற்றம் மூச்சு வாங்கும். மாத்திரையை இருமுடியோடு சேர்த்துக் கட்டி, அவிழ்க்க முடியாமல் தவிக்கிறார்கள். சட்டைப் பையிலோ இடுப்பிலோ வையுங்கள், மருந்துச் சீட்டின் ஒரு நகலும் கூடவே.

ஓசூரிலிருந்து: பெங்களூர் ஏர்போர்ட்டில் எனக்குக் காலை ஃபிளைட், அன்றைக்கு கர்நாடகா பந்த்னு சொல்றாங்க. காவிரிப் பிரச்சனை. என்ன பண்றது சார்?

முந்தின நாள் மதியமே போய்விடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவு எண் வண்டிகள் எரிந்ததை நாம் பார்த்தோம். 2023 செப்டம்பரில் 26-ம் தேதி பெங்களூர் பந்த், 29-ம் தேதி கர்நாடகா பந்த். இந்த மாதிரி நாளில் நம் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியோடு நின்றுவிடும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வரை நடந்து அங்கே வண்டி பிடிக்க வேண்டும். ஏர்போர்ட்டோ ஊருக்கு அந்தக் கோடியில், தேவனஹள்ளியில். நகரத்தை முழுக்கக் கடந்தாக வேண்டும்.

முந்தின நாள் முடியாது என்றால் விடியும் முன்னால் எல்லையைத் தாண்டிவிடுங்கள். பந்த் பெரும்பாலும் காலை 6 மணியிலிருந்து மாலை 6 வரை என்றுதான் அறிவிப்பார்கள். வாடகைக் காரென்றால் கர்நாடகப் பதிவு வண்டியாக எடுங்கள். ரயில் ஓடும் என்று நம்பி இருக்காதீர்கள், மறியல் செய்தால் அதுவும் நிற்கும்.

இதில் வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஃபிளைட் பறந்துவிட்டது, நீங்கள் போய்ச் சேரவில்லை என்றால், அது உங்கள் கணக்கு. பந்த் என்று கெஞ்சினாலும் விமானக் கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஆனால் போகாமல் விட்ட டிக்கெட்டிலும் அரசு வரி, விமான நிலையக் கட்டணம் ஆகியவற்றைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பலர் கேட்பதே இல்லை, கேளுங்கள்.

சென்னையிலிருந்து, சொந்த ஊர் தர்மபுரி: ஆடி 18க்கு ஒகேனக்கல் வர்றோம், மொத்தக் குடும்பம். வெள்ளம்னு செய்தி வருதே?

சென்னையில் மழையா, தர்மபுரியில் மழையா என்று பார்த்துப் பயனில்லை அண்ணா. கபினி, கே.ஆர்.எஸ். அணைகளில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே திறந்த தண்ணீர் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவைத் தாண்டி நமக்கு வந்து சேர ஓரிரு நாள் ஆகும், அதாவது உங்களுக்கு ஓரிரு நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். நீர்வரத்து கூடினால் கலெக்டர் முதலில் பரிசலை நிறுத்துவார், அப்புறம் குளிக்கத் தடை. ஊருக்குள் போகத் தடை இருக்காது என்பதால் பலர் கிளம்பி வந்துவிட்டு, தடையை மீறி ஓரத்தில் இறங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பாறை வழுக்கும், அடியில் இழுப்பு தெரியாது. தடை இருந்தால் தீர்த்தமலைக்குப் போங்கள், பாட்டிக்கு மலை ஏற முடியாது என்றால் அதியமான்கோட்டை காலபைரவர் கோயில்.

கிருஷ்ணகிரியிலிருந்து: உம்ராவுக்கு அம்மாவை அழைச்சிட்டுப் போறேன். ஊசி ஏதோ கட்டாயம்னு சொல்றாங்க, கடைசி நேரத்தில் போட்டுக்கலாமா?

கூடாது பாய். மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சோகாக்கல்) தடுப்பூசி சவுதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

இதே கணக்கு தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து கென்யா, எத்தியோப்பியா ரோஜாப் பண்ணை வேலைக்குப் போகும் தம்பிகளுக்கும். உங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி, அதுவும் 10 நாள் முன்னால். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். தெருமுனை கிளினிக்கில் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போகும்போது யாராவது கண்டுகொள்ளாமல் விட்டாலும், திரும்பி வரும்போது ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லை என்றால் இங்கே தனிமைப்படுத்திவிடுவார்கள், 6 நாள் வரை.

அரூரிலிருந்து: முக்திநாத் போக இருபது பேர் பணம் கட்டியிருக்கோம். நேபாளத்தில் மறுபடி கலவரம் வந்தா?

2025 செப்டம்பரில் காத்மாண்டு ஏர்போர்ட்டையே மூடினார்கள், போனவர்கள் ஓட்டலுக்குள் முடங்கினார்கள், மறுநாளே திறந்தும்விட்டார்கள். அது மாதிரி வந்தால் அறையை விட்டு வெளியே வராமல் இருப்பதுதான் பாதுகாப்பு, எல்லையை நோக்கி ஓடுவது அல்ல. அதற்கு ஏற்றபடி தயாராகுங்கள்: ஒவ்வொருவர் கையிலும் நான்கைந்து நாளுக்கான கூடுதல் மாத்திரை, கொஞ்சம் ரொக்கம், தாளில் எழுதிய இந்தியத் தூதரக எண். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் போதும் என்று ஏஜெண்ட் சொன்னாலும் நம்பாதீர்கள், 65 வயதுக்கு மேலானவர்களுக்கும் 15-க்குக் கீழானவர்களுக்கும்தான் அந்தச் சலுகை. பணம் கட்டும் முன் ரத்து விதியை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை என்றால் இன்றைக்கே வாட்ஸப்பிலாவது வாங்குங்கள். பணம் கேட்டால் இழுப்பார்கள், தேதி மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: தம்பி துபாய் வழியா போறான், ரெண்டு டிக்கெட் தனித்தனியா எடுத்தா குறைச்சலா வருது. சண்டை வந்தா இன்சூரன்ஸ் தருமா?

ஒரே டிக்கெட்டாக எடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும். 2025 ஜூன் 23 இரவு கத்தார் வான்வெளியை மூடியபோது பறந்துகொண்டிருந்த விமானங்களே திரும்பின. ஒரே பி.என்.ஆர். (டிக்கெட் பதிவு எண்) என்றால் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பது விமானக் கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி என்றால் முதல் ஃபிளைட் தாமதமானதால் தவறிய இரண்டாவதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் பெரும்பாலும் போரை விலக்கித்தான் வைத்திருக்கும். செய்தி வந்த பிறகு பாலிசி எடுத்தாலும் அந்தச் சம்பவத்துக்குத் தராது, "பயமாக இருந்தது, போகவில்லை" என்பதற்கும் தராது. டிக்கெட் போடும் அன்றே எடுங்கள், அதுவும் ஆஸ்பத்திரிச் செலவுக்காக எடுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து: கிளம்புறதுக்கு முந்தின நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா? டிக்கெட் பணம் போயிடுமேன்னு இருக்கு.

அம்மா, இதற்கு மட்டும் யோசிக்காமல் கேன்சல் செய்யுங்கள். டெங்குவாக இருந்தால் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து, சரியாகிவிட்டது என்று நினைத்து பஸ் ஏறுவதும் அதே நேரத்தில்தான். ரயில் டிக்கெட் என்றால் வண்டி கிளம்பும் வரை காத்திருக்காமல் சீக்கிரம் ரத்து செய்யுங்கள், நேரம் ஆக ஆகப் பிடித்தம் ஏறும். விமானம் என்றால் டாக்டர் சீட்டை வாங்கி மெயிலில் அனுப்பி தேதி மாற்றம் கேளுங்கள், என் வாடிக்கையாளர்கள் சிலருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.