பாஞ்சோ கற்க விரும்பும் பெரியவர்களுக்கு: கேள்வி பதில்

எனக்கு 52 வயது. இதுவரை எந்த இசைக்கருவியையும் தொட்டதில்லை. பாஞ்சோ கைவருமா?

கைவரும். ஐந்து தந்தி பாஞ்சோவுக்குப் பொதுவாக ஜி, டி, ஜி, பி, டி என்ற மேற்கத்திய ஸ்வரங்களில் சுருதி சேர்ப்பார்கள். அதனால் இடக்கை எதையும் அழுத்தாமல் தந்திகளை வருடினாலே ஜி மேஜர் என்ற ஸ்வரக்கூட்டு (கார்டு) முழுமையாக ஒலிக்கும். கிடாரில் முதல் மாதம் முழுவதும் இடக்கை விரல் நுனிகள் வலிக்க, நீங்கள் இங்கே முதல் நாளிலேயே வலக்கையை மட்டும் பழக்கத் தொடங்கிவிடலாம். நான் தொடங்கியபோது எனக்கு 43 வயது. பெரியவர்களுக்குக் காது முன்னே ஓடுகிறது, விரல் பின்னால் வருகிறது. அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்பவர்கள் கற்றுவிடுகிறார்கள்.

கடையில் நான்கு தந்தி, ஐந்து தந்தி, பின்பக்கம் மூடியது, திறந்தது என்று பலவகை இருக்கின்றன. எதை வாங்குவது?

அயர்லாந்து நாட்டுப்புற இசையில் ஆசை என்றால் நான்கு தந்தி டெனர் பாஞ்சோ. அமெரிக்க நாட்டுப்புற இசையோ, அதிலிருந்து கிளைத்த வேகமான புளூகிராஸ் இசையோ என்றால் ஐந்து தந்தி. பின்பக்கம் திறந்தது எடை குறைந்தது, ஒலியும் அடக்கமானது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அதையே வாங்கலாம். பாஞ்சோவின் வட்டமான உடலின்மேல் முரசுபோல் இழுத்துக் கட்டிய தோலுக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்தால் ஒலி இன்னும் தணியும்.

ஐந்தாவது தந்தி மட்டும் ஏன் குட்டையாக, கழுத்தின் நடுவிலிருந்து தொடங்குகிறது?

பாஞ்சோவின் உயிரே அந்தத் தந்திதான். அது ஐந்தாவது மெட்டின் (கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பியின்) அருகே, சுருதி முறுக்கும் தனிப் பிருடையில் தொடங்குகிறது. கட்டைவிரலுக்கு மிக அருகில் இருந்தும் எல்லாத் தந்திகளிலும் உயர்ந்த சுருதி அதற்குத்தான். பெரும்பாலும் அதை அழுத்துவதில்லை. வீணையின் பக்கத் தந்திகளைப் போல, இசையின் ஊடே ஒரே ஸ்வரமாக அது ஒலித்துக்கொண்டே இருக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் என்ற சுரைக்குடுக்கைக் கருவியிலும் இப்படி ஒரு குட்டைத் தந்தி உண்டு. அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் தங்கள் நினைவிலிருந்து இத்தகைய கருவிகளைச் செய்துகொண்டார்கள். 1830களிலிருந்து பாஞ்சோவை மேடைகளில் பரப்பிய ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளையரே குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவில் வரையப்பட்ட ஓர் ஓவியத்திலேயே, கறுப்பின மனிதர் ஒருவர் வாசிக்கும் கருவியில் அந்தத் தந்தி தெளிவாக இருக்கிறது. கற்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்று விரல் முறையா, கிளாஹாம்மர் முறையா?

வட கரோலினாவில் பிறந்த பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில் பில் மன்றோவின் புளூகிராஸ் குழுவில் சேர்ந்தபோது நாடறியச் செய்தது மூன்று விரல் முறை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் பிக் என்னும் மீட்டும் உறைகளை மாட்டிக்கொண்டு ஸ்வரங்களை இடைவிடாமல் பொழிவது அது. கிளாஹாம்மர் அதைவிடப் பழையது; நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டி, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியை விடுவிப்பார்கள். தனியாக அமர்ந்து பாடிக்கொண்டே வாசிக்க விரும்பினால் இதுதான் பொருத்தம். எதைத் தேர்ந்தாலும் ஓராண்டுக்கு மற்றதைத் தொடாதீர்கள்.

ஆறு மாதமாகப் பழகுகிறேன். இடக்கையை மாற்றும் ஒவ்வொரு முறையும் வலக்கை நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

இது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது. இடக்கைக்காக வலக்கையைக் காத்திருக்கப் பழக்கிவிட்டீர்கள். 3, 2, 5, 1, 4, 2, 5, 1 என்ற தந்தி வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் (தரைப்பக்கம் உள்ளது 1, குட்டைத் தந்தி 5). கட்டைவிரல் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம் வீதம், இடக்கை இல்லாமலே ஒரு வாரம் வாசியுங்கள். பிறகு ஜி ஸ்வரக்கூட்டிலிருந்து டி7 என்ற ஸ்வரக்கூட்டுக்கு மாறுங்கள். இரண்டே விரல்கள் போதும், மூன்றாம் தந்தியில் இரண்டாவது மெட்டு, இரண்டாம் தந்தியில் முதல் மெட்டு. விரல் உரிய இடத்தை எட்டாவிட்டால் தவறான ஸ்வரம் ஒலிக்கட்டும், வலக்கை மட்டும் நிற்கக் கூடாது. நாளுக்குப் பதினைந்து நிமிடம் தவறாமல் செய்வது, ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்காருவதைவிட மேலானது.

மேல் மெட்டுகளில் சுருதி விலகுகிறது. கருவி பழுதா?

பெரும்பாலும் குதிரை, அதாவது தோலின்மேல் தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு, நகர்ந்திருக்கும். பாஞ்சோவின் குதிரை ஒட்டப்பட்டதன்று. தந்திகளின் இறுக்கம்தான் அதைத் தோலின்மேல் நிறுத்துகிறது. பன்னிரண்டாவது மெட்டின்மேல் தந்தியை லேசாகத் தொட்டு எழும் ஒலியையும், அதே மெட்டை அழுத்தி எழும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் குதிரையைக் கழுத்திலிருந்து விலகும் திசையில் மயிரிழை நகர்த்துங்கள். குறைவாக இருந்தால் கழுத்தை நோக்கி. தந்தி மாற்றும்போதும் எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றினால் குதிரை இடம் பெயராது.