தொழிலாளர்கள் தொடங்கிய பழைய விளையாட்டுக் கழகத்தின் வரலாற்றை எழுத எங்கே ஆரம்பிப்பது?

கேட்டவர் சொல்வது இதுதான்: தங்கள் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய கழகம் ஒன்று இருக்கிறது, கால்பந்து, வாலிபால், கேரம், பளுதூக்குதல் எல்லாம் உண்டு, ஆண்டு விழாவுக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இந்நேரம் யாராவது ஒரு பழைய விழா மலரைக் கையில் திணித்து "எல்லாம் இதிலேயே இருக்கு, சுருக்கி எழுதினால் போதும்" என்று சொல்லியிருப்பார்கள். அதைத் தள்ளி வையுங்கள். முதலில் சந்தா நோட்டைத் தேடுங்கள்.

கொஞ்சம் காட்டமாகத்தான் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. என் அப்பா ஆலையில் பிட்டர். எங்கள் கழகம் ஆரம்பித்த காலத்தில் அவர்தான் பொருளாளர். சம்பள நாளன்று ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி சந்தா வாங்குவார், அதனால் பாதிப் பேர் அவரைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார்களாம். பிற்பாடு பொன்விழா மலர் வந்தது. முதல் பக்கத்தில் ஒரு பழைய மேனேஜரின் படம், கீழே "நிறுவனர்" என்று. கோல் போஸ்ட், வாலிபால் கம்பம் எல்லாம் "நிர்வாகத்தின் தாராள மனத்தால்" வந்தவையாம். அப்பாவின் பெயர் கடைசிப் பக்கத்தில் "மற்றும் பலர்" என்பதற்குள் எங்கோ இருந்திருக்கலாம்.

சந்தா நோட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது. நீளவாக்கில் பிரிக்கும் கணக்கு நோட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் டோக்கன் நம்பர் (ஆலை ஒவ்வொரு ஆளுக்கும் தரும் எண்), அப்புறம் மாதத்துக்கு ஒரு கட்டம், கொடுத்தால் தொகை, கொடுக்காவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு. கதவடைப்பு நடந்த மாதங்களில் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரே கோடு, அதன் மேல் "வசூல் இல்லை" என்று அப்பாவின் கையெழுத்து. அதற்குச் சில பக்கம் தள்ளி, செலவுப் பக்கத்தில், பழைய இரும்புக் குழாய் வாங்கிய கணக்கு இருக்கிறது, ஆலைக்குப் பணம் கட்டிய ரசீது எண்ணோடு. அதாவது தாராள மனத்தால் வந்ததாகச் சொன்ன கோல் போஸ்ட், கழிவு இரும்பாகக் காசு கொடுத்து வாங்கி, இவர்களே வெல்டிங் வைத்து நட்டது.

உடனே "அப்படியென்றால் நிர்வாகம் ஒன்றுமே செய்யவில்லையா" என்று பின்னூட்டத்தில் வருவார்கள். செய்தது. மைதானத்துக்கு இடம் கொடுத்தது நிர்வாகம்தான், அது சின்ன விஷயமில்லை. அதை எழுதுங்கள். இடம் கொடுத்தவரை நிறுவனர் ஆக்காதீர்கள், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் நம் ஊர்க் கழகங்களுக்கு மட்டும் உள்ளதில்லை. லண்டன் வூல்விச்சில் ராயல் ஆர்சனல் ஆயுதத் தொழிற்சாலையின் டயல் ஸ்கொயர் பட்டறை ஆட்கள் 1886-ல் தலைக்கு 6 பென்ஸ் போட்டு, டேவிட் டான்ஸ்கின் என்பவர் மேலே 3 ஷில்லிங் சேர்த்து, பந்து வாங்கி ஆரம்பித்ததுதான் இன்றைய ஆர்சனல் கால்பந்துக் கழகம். அது தொழிலாளர் கழகம், சந்தேகமே இல்லை. அதே லண்டனில் வெஸ்ட் ஹாம் என்ற இன்னொரு கால்பந்துக் கழகத்தின் மூலமான தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் அணி 1895-ல் வந்தது. யோசனை தந்தவர் ஒரு போர்மேன், பின்னால் நின்றது கப்பல் கட்டும் நிறுவனத்தின் முதலாளி ஆர்னால்ட் ஹில்ஸ். அங்கே அதற்கு முன் வேலைநிறுத்தங்கள் நடந்திருந்தன. இரண்டையும் "தொழிலாளர் அணி" என்றே சொல்கிறார்கள், ஆனால் இரண்டும் ஒன்றா? உங்கள் கழகம் எந்த வகை என்று சந்தா நோட்டும், கூட்ட முடிவுகளை எழுதி வைக்கும் தீர்மான நோட்டும் சொல்லிவிடும். காசு எங்கிருந்து வந்தது, கையெழுத்து யார் போட்டது, அதைப் பாருங்கள்.

அடுத்தது ஷிப்ட் நேரம். இதை யாரும் எழுதுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். ஓய்வு நேரம் இல்லாமல் கழகம் கிடையாது. இங்கிலாந்தில் 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை வேலையை மதியம் 2 மணியோடு நிறுத்தியது, மெல்ல அந்த அரை நாள் மற்றவர்களுக்கும் பரவியது, கால்பந்து சனி மதியத்தில் போய் உட்கார்ந்ததற்கு அது பெரிய காரணம். ஷெபீல்டில் புதன்கிழமை அரை நாள் கிடைத்த கைத்தொழில்காரர்கள் 1820-ல் கிரிக்கெட் கழகம் வைத்தார்கள், குளிர்காலத்தில் ஆட்கள் கலைந்துபோகாமல் இருக்க 1867-ல் கால்பந்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் இன்றும் புதன்கிழமையைப் பெயரில் வைத்திருக்கும் ஷெபீல்டு வெட்னஸ்டே கால்பந்துக் கழகம். எங்கள் கழகத்தில் கேரம் வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான், இரண்டாம் ஷிப்ட்காரர்கள் வெளியே வரும்போது மைதானம் இருட்டாகிவிடும், ஒரு பல்பு இருந்தால் கேரம் ஆடலாம்.

பல விளையாட்டுக் கழகம் என்பதால் இன்னொன்று. கால்பந்துக் கோப்பைகளை மட்டும் வரிசைப்படுத்தி முடித்துவிடாதீர்கள். அர்ஜென்டினாவில் ரயில்வே ஊழியர்கள் 1904-ல் தொடங்கிய பெர்ரோ கரில் ஓஸ்டே என்ற கழகம் கால்பந்தில் 1982, 1984 என இரண்டு முறை தேசியப் பட்டம் வென்றது, கூடைப்பந்தில் 1985, 1986, 1989 என மூன்று முறை. அப்படிப்பட்ட கழகம் 2002-ல் திவாலானது. கோப்பைப் பட்டியலை மட்டும் படிக்கிறவனுக்கு அந்த முடிவு வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். கணக்குப் புத்தகம் வேண்டும் என்று நான் கத்துவது இதற்காகவும்தான்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், மன்னியுங்கள். சந்தா நோட்டில் அப்பாவின் இனிஷியல் ஒரு மாதிரி, ஆலை ஆபீஸ் பதிவேட்டில் வேறு மாதிரி. ஆலை மூடிய பிறகு அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு பிஎப் பணத்துக்கு அவரை அலையவிட்டார்கள் பாருங்கள், ஒவ்வொரு மேஜையிலும் "இது நீங்கதான் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்டார்கள். டோக்கன் நம்பர் ஒன்றுதானே என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், டோக்கன் நம்பரை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பேட்டி எடுக்கும்போது பழைய ஆட்டக்காரர்களோடு நிறுத்தாதீர்கள், வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். ஜெர்சி துவைத்தது யார், வெளியூர் அணி வந்தால் எந்த வீட்டில் படுத்தார்கள், இதெல்லாம் எந்த நோட்டிலும் இருக்காது. எங்கள் மலரில் ஒரு பெண்ணின் பெயர்கூடக் கிடையாது, குத்துவிளக்கு ஏற்றிய மேனேஜர் மனைவியைத் தவிர.

மலர்க் குழுவிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இப்போ எதுக்கு சார் அரசியல்" என்றார்கள். அடுத்த பதிப்பில் திருத்துவதாகவும் சொன்னார்கள், ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். தரவில்லை. நீங்களும் எந்த வீட்டில் நோட்டு கிடைத்தாலும் அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட்டு, நோட்டை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.