நடுவில் எட்டியோஸைக் காணோமே!

கேள்வி: எங்கள் வீட்டில் 2001 முதல் டொயோட்டாதான். குவாலிஸ், அப்புறம் இன்னோவா, 2019இல் கிளான்ஸா. அடுத்து டைசர் எடுக்கப் போகிறேன். “நீ ஓட்டுவது பலேனோதான்” என்று மச்சினன் கேலி செய்கிறான். ஜப்பான் தரத்தை நம்பி ஒரே கம்பெனிக்கு விசுவாசமாக இருப்பது தவறா?
– பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

பதில்: தவறில்லை. ஆனால் மச்சினன் சொல்வது உண்மை. கிளான்ஸா, சுசுகி தயாரித்துக் கொடுக்கும் மாருதி பலேனோ. உங்கள் 2019 மாடலில் முன்பக்க கிரில்லையும் சின்னத்தையும் விட்டால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. டைசரும் அப்படித்தான், மாருதி ஃப்ரான்க்ஸின் மறுபெயர். (ஜப்பான் தரம் என்கிறீர்கள். சுசுகி மட்டும் என்ன, சுவிட்சர்லாந்தா?)

குவாலிஸும் இன்னோவாவும் வாங்கிய நல்ல பெயர் சும்மா வந்ததல்ல. 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் இன்னோவாவைக்கூட நம்மூரில் தேடிவந்து வாங்குகிறார்கள். அந்த மரியாதை பெங்களூரு பக்கத்தில் பிடதியில் உருவான வண்டியின் சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) எஞ்சினுக்கும் உரியது. பானெட்டில் ஒட்டிய சின்னத்துக்கு அதில் பங்கில்லை.

உங்கள் பட்டியலில் என்னை உறுத்துவது வேறொன்று. நடுவில் எட்டியோஸைக் காணோமே! இந்தியாவுக்கென்றே டொயோட்டா தானே வடிவமைத்து 2010இல் இறக்கிய கார் அது. அதிகம் தொந்தரவு தராத வண்டி என்று டிரைவர்கள் கொண்டாடினார்கள். சொந்த உபயோகத்துக்குக் கார் தேடியவர்கள் ‘டாக்சி வண்டி’ என்று ஒதுக்கினார்கள். 2020இல் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. ஆக, டொயோட்டா செய்த சின்னக் காரை வேண்டாம் என்று விட்டுவிட்டு, சுசுகி செய்ததை டொயோட்டா என்று வாங்கியிருக்கிறீர்கள். இதில் விசுவாசம் எங்கே வருகிறது?

கம்பெனிக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. 1967இல் வந்த புகழ்பெற்ற 2000ஜிடி ஸ்போர்ட்ஸ் கார், யமஹாவோடு சேர்ந்து செய்தது. 2019இல் மறுபிறவி எடுத்த சுப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருப்பது பிஎம்டபிள்யூ எஞ்சின். வண்டி உருவானது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில். சுப்ரா ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கம்பெனி கண்டுகொள்ளவில்லை. இந்தியாவில் இது எதிர்த்திசையிலும் நடக்கிறது: மாருதி விற்கும் இன்விக்டோ, பிடதியில் உருவாகும் இன்னோவா ஹைகிராஸ்தான். மச்சினனுக்குப் பதில் சொல்ல இது உதவும்.

தரம் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2023 டிசம்பரில், டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்சு 64 மாடல்களுக்கான சோதனைகளில் முறைகேடு செய்தது அம்பலமானது. அதில் டொயோட்டா பெயரில் விற்றவையும் அடக்கம். அடுத்த மாதமே டீசல் எஞ்சின் சான்றிதழ் விவகாரம் வெடித்து, இங்கே இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். அதனால் அவை மோசமான வண்டிகள் ஆகிவிடவில்லை. ஆனாலும் உங்கள் நம்பிக்கைக்கு அவ்வப்போது ஒரு சர்வீஸ் தேவை.

சரி, டைசர். கிளான்ஸா வாங்கியபோது 3 ஆண்டு வாரண்டி என்ற நியாயம் உங்களிடம் இருந்தது; பலேனோவுக்கு அன்று 2 ஆண்டுதான். 2024 ஜூலையிலிருந்து மாருதியும் 3 ஆண்டு தருகிறது. எனவே இரண்டு ஷோரூமிலும் ஆன்ரோடு விலையைக் கேளுங்கள். எந்த சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கம், எவன் வண்டியைச் சீக்கிரம் கொடுப்பான் என்று பாருங்கள். அதன்பிறகும் டைசர்தான் பிடிக்கிறதென்றால் தாராளமாக எடுங்கள். ஷோரூம்காரர் ‘டொயோட்டா எஞ்சின் சார்’ என்று ஆரம்பித்தால் மட்டும் இன்னும் ஐயாயிரம் குறைக்கச் சொல்லுங்கள்.