லென்ஸ் மாற்றும் முன் மங்கலைப் படியுங்கள்

கேள்வி: பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். இரண்டு வருடமாக 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கேமராவில் படம் எடுக்கிறேன். கூடவே வந்த 18–55 லென்ஸும் ஒரு 55–250 லென்ஸும் இருக்கின்றன. கேமராத் திரையில் பளிச்சென்று தெரியும் படம், கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் மெழுகு மாதிரி இருக்கிறது. முற்றத்தில் ஓடும் பேத்தி, கோயில் கோபுரம், குளத்து மீன்கொத்தி என மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து நல்ல லென்ஸ் வாங்கினால் ஷார்ப்பாக வருமா?

பதில்: வராது. பணம் வங்கியிலேயே இருக்கட்டும். உங்கள் மூன்று படங்களும் மங்கல்தான், ஆனால் மூன்றும் மூன்று விதமான மங்கல்.

பேத்தி படத்தை எடுத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் துளசி மாடத்தின் காரை வெடிப்புகூடத் தெளிவாக இருக்கிறது. குழந்தை மட்டும் இழுபட்டிருக்கிறாள். கை நடுங்கியிருந்தால் மாடமும் சேர்ந்து இழுபட்டிருக்கும். ஆக, உங்கள் கையும் சரி, லென்ஸும் சரி. படத்தோடு பதிவான விவரத்தில் ஷட்டர் வேகம் 1/60 நொடி என்று இருக்கிறது. ஓடுகிற குழந்தை நொடிக்கு மூன்று மீட்டர் போகிறாள் என்று வைத்துக்கொண்டால், ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் 5 செ.மீ. நகர்ந்துவிடுவாள். 1/500 வைத்திருந்தால் 6 மி.மீ.தான். சாயங்கால வெளிச்சத்தில் அந்த வேகம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணரும் அளவை, 1600, 3200 என்று ஏற்றத்தான் வேண்டும். நீங்கள் 400-ஐத் தாண்டவே இல்லை. படம் முழுக்கப் பொடிப் புள்ளி விழும் என்ற பயம் போலிருக்கிறது. விழட்டும். புள்ளியைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம்; இழுபட்ட முகத்தை யாரும் மீட்டுத் தர முடியாது.

கோபுரம் சுவாரசியமான கேஸ். ட்ரைபாட் போட்டிருக்கிறீர்கள், ஃபோகஸும் சரி. ஆனாலும் சுதைச் சிற்பங்களின் விளிம்புகள் கரைந்திருக்கின்றன. காரணம், எஃப் 22. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளைதான் அப்பர்ச்சர்; எஃப் எண் கூடக் கூட அது சுருங்கும். அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க ஷார்ப் கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாதிதான் உண்மை. முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும். ஆனால் சின்ன ஓட்டை வழியாக நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். எஃப் 8-ல் ஓர் ஒளிப்புள்ளி, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் விழும் வட்டம் ஏறக்குறைய 0.011 மி.மீ.; எஃப் 22-ல் 0.03 மி.மீ. உங்கள் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.004 மி.மீ.கூட இல்லை. அதாவது, ஒரு பிக்சலில் அடங்க வேண்டிய புள்ளி எட்டு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. இது ஒளியின் குணம். லட்ச ரூபாய் லென்ஸிலும் இதே கதைதான். தூரத்துக் கோபுரத்துக்கு எஃப் 8 தாராளம்.

மீன்கொத்தியில் பறவை மங்கல், அதற்கு முன்னால் நிற்கும் நாணல் அருமையாக வந்திருக்கிறது. ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேமராவிடமே விட்டுவிட்டீர்கள். அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். நடுப்புள்ளியை மட்டும் வைத்து, பறவையின் கண்ணில் பிடியுங்கள். உச்சி வெயிலில் குளத்துக்கு மேல் காற்று அலையடிக்கும்போது தூரத்துப் பறவையை எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. 6000 பிக்சல் அகலப் படத்தைக் கம்ப்யூட்டரில் முழு அளவுக்கு விரித்துப் பார்ப்பது, ஐந்தடி அகலப் படத்தில் மூக்கை வைத்துப் பார்ப்பதற்குச் சமம். ஆல்பத்துக்கான 6×4 அங்குலப் பிரதிக்கு 1800×1200 பிக்சல் போதும். உங்கள் கோபுரத்தை அந்த அளவில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள், குறையே தெரியாது.

ஃபோகஸ் பிடிக்கத் தெரியாதவர் என்று சக புகைப்படக்காரர்களிடமே பேச்சு வாங்கியவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கேமராவைத் தொட்ட பெண்மணி. கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்து 1879-ல் இறந்தார். கல்லறை மலையகத்துப் பொகவந்தலாவையில் இருக்கிறது. அவர் எடுத்த மங்கல் முகங்களை இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் போற்றி வைத்திருக்கிறார்கள். பேத்தி படத்தை அழித்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். பின்னல் பறப்பது அதில் அழகாக வந்திருக்கிறது.

லென்ஸ் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால், செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடில் நேர் எதிரே நிறுத்தி, லென்ஸில் உள்ள நடுக்கம் தடுக்கும் பொத்தானை அணையுங்கள். எஃப் 8 வைத்து, லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில் காட்சியைப் பார்த்தபடியே, எழுத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். எழுத்துகள் நன்றாகப் படிக்க வந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்தும் ஒரே மூலை மட்டும் மங்கினால், உள்ளே கண்ணாடி ஏதோ சாய்ந்திருக்கலாம். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள். லென்ஸ் வாங்குவதைப் பற்றி அப்போது பேசலாம்.