டெர்மினலிலிருந்து ஒரு நிரலுக்கு 0, 255 போன்ற பைட்டுகளை அப்படியே அனுப்புவது எப்படி?

நிரல் உள்ளீடு கேட்டு நிற்கும்போது கீபோர்டில் \377 (255-இன் ஆக்டல், அதாவது எட்டடி எண் வடிவம்) என்று அடித்துப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அப்படிச் செய்தால் பின்சாய்கோடு, 3, 7, 7 என்று நான்கு பைட் போகும். அதை ஒரே பைட்டாக்க பிரிண்ட்எஃப் கட்டளை வேண்டும், அதன் வெளியீட்டை | குறி (பைப்) நிரலுக்குள் அனுப்பும்:

பிரிண்ட்எஃப் '\377\000\101' | ./நிரல்

இப்போது போவது 255, 0, 65 என்ற மூன்று பைட்தான். ஒற்றை மேற்கோளை விட்டுவிடாதீர்கள், ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) பின்சாய்கோட்டைத் தின்றுவிடும்.

ஏன் ஆக்டல் என்று கேட்பீர்கள். நானும் முன்பு ஹெக்ஸில்தான் (பதினாறடி எண்ணில்) எழுதுவேன். பாஷ் என்ற ஷெல்லில் ஒழுங்காக ஓடிய ஒரு ஸ்கிரிப்ட், உபுண்டுவில் எஸ்எச் வழியாக ஓட்டியதும் சொதப்பியது. அங்கே அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ் என்ற வேறொரு ஷெல். 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே அப்படித்தான். டாஷின் பிரிண்ட்எஃப்புக்கு ஹெக்ஸ் தெரியவில்லை, எழுதியதை எழுத்தெழுத்தாக அனுப்பிவிட்டது. அரை நாள் என் நிரலைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆக்டல், யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்திலேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. எக்கோ கட்டளை பக்கம் போகவே வேண்டாம். ஷெல்லுக்கு ஷெல் ஒரு மாதிரி நடக்கும், கேட்காமலே கடைசியில் ஒரு \012 (புதுவரி) சேர்க்கும்.

அப்புறம் அந்த 0. அதை ஆர்க்யுமென்டாக (கட்டளை வரியில் நிரலின் பெயருக்குப் பின்) கொடுக்க முடியாது, ஏனென்றால் சி மொழியில் சரம் 0 வந்த இடத்தில் முடிந்துவிடும். $( ) போட்டு வெளியீட்டை மாறியில் பிடித்தாலும் பாஷ் அதை விழுங்கிவிடும் (4.4 முதல் ஓர் எச்சரிக்கையாவது வருகிறது). கடைசிப் புதுவரிகளும் கூடவே காணாமல் போகும். ஆகவே பைப், இல்லையென்றால் கோப்பு.

பைட்டுகள் போனதும் நிரல் மூடிக்கொள்கிறது, மேலும் கையால் அடிக்க வேண்டும் என்றால், கீபோர்டில் அடிப்பதைக் கடத்தும் கேட் கட்டளையைச் சேருங்கள்:

(பிரிண்ட்எஃப் '\377\000'; கேட்) | ./நிரல்

பைதான் 3-இல் பிரின்ட் மூலம் 255-ஆம் எழுத்தை அனுப்பினால், யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) சூழலில் 195, 191 என்று இரண்டு பைட் போகும். எஸ்டிடிஅவுட்டின் (நிரலின் வழக்கமான வெளியீட்டின்) பஃபரில் நேரடியாக எழுதுங்கள்.

எதை அனுப்பினாலும் முதலில் நிரலுக்குப் பதிலாக ‘ஓடி -சி’ கட்டளைக்குள் விட்டுப் பாருங்கள், என்ன போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று: '\340\256\205' என்பது யூடிஎஃப்-8-இல் ‘அ’. கடைசி பைட்டை வெட்டிவிட்டு '\340\256' மட்டும் அனுப்புங்கள், அரை ‘அ’ போகும். தமிழ் எழுத்துகளை எண்ண நான் எழுதிய நிரல், அடுத்த பைட் வரும் வரும் என்று சுற்றிக்கொண்டே இருந்தது.