டிரசர் பதில்கள்: நாய்க்கு இருக்கும் ஊசி நமக்கு ஏன் இல்லை?

(பேராக் தோட்டங்களில் டிரசராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சுங்கை சிப்புட்டிலிருந்து வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

என் வீட்டுக்காரர் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். போன மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் ஊசி வந்ததே, இதற்கு ஏன் வரவில்லை? ஏழைகளுக்கு வரும் வியாதி என்பதாலா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பாதிக் காரணம் அதுதான் தங்கச்சி, மழுப்ப மாட்டேன். மீதிப் பாதி கிருமியிடம் இருக்கிறது.

கொரோனா ஒரு வைரஸ். மொத்தமே முப்பதுக்குள்தான் புரதங்கள். அதில் முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றைக் குறி வைத்தார்கள், வேலை முடிந்தது. எலிக்காய்ச்சல் பாக்டீரியாவுக்கோ ஆயிரக்கணக்கான புரதங்கள். எதை அடித்தால் படுக்கும் என்று கண்டுபிடிப்பதிலேயே காலம் போய்விடுகிறது.

கிருமியையே கொன்று ஊசியாக்கலாமே என்றால், அதையும் செய்திருக்கிறார்கள். டவுனில் மிருக டாக்டர் நாய்க்கு வருஷா வருஷம் போடும் ஊசியில் இதுவும் சேர்த்தி. கியூபா, சீனா, பிரான்ஸ் நாடுகளில் மனிதர்களுக்கும் போட்டார்கள். ஆனால் இந்தக் கிருமியில் 250க்கு மேல் வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் மேல்பூச்சு வேறு. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையை அவ்வளவாகத் தடுக்காது. கிடைக்கும் பாதுகாப்பும் நீடிப்பதில்லை.

பாக்டீரியாவுக்கு ஊசியே செய்ய முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்தில் யாராவது அரிவாள் வெட்டோடு வந்தால், கட்டுப் போடும்போதே நான் கேட்பது, ‘கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டாய்?’ டெட்டனசில் ஆளைக் கொல்வது கிருமியல்ல, அது கக்கும் விஷம். 1920களில் பாரிசில் ராமோன் என்பவர் விஷத்தை ஃபார்மலினிலும் சூட்டிலும் வைத்து, பல்லைப் பிடுங்கி ஊசியாக்க வழி கண்டார். எதிரி ஒரே ஒரு விஷம் என்பதால் சுலபமாகப் போயிற்று.

நிமோனியா தரும் நிமோகாக்கஸ் வேறு ரகம். சர்க்கரையால் ஆன உறை போர்த்திக்கொண்டு திரியும். அந்தச் சர்க்கரையை மட்டும் ஊசியில் ஏற்றினால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பு கண்டுகொள்ளாது. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில் பேர் இல்லாத ஆள் தனியாகப் போய் நின்றால் கிராணி (கணக்கெழுதுபவர்) தலை நிமிர மாட்டார். கங்காணி கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் உடனே பேர் எழுதுவார். அப்படித்தான் சர்க்கரையை உடம்புக்குப் பழகிய ஒரு புரதத்தோடு பிணைத்தார்கள். குழந்தையின் உடம்பு பேர் எழுதிக்கொண்டது, மறக்கவும் இல்லை. 2020 கடைசியிலிருந்து நம் அரசாங்கக் கிளினிக்குகளில் இந்த ஊசி குழந்தைகளுக்கு இலவசம். இதிலும் கிட்டத்தட்ட நூறு வகைக் கிருமி உண்டு. பத்து, பதிமூன்று, இருபது என்று ஆபத்தானவற்றைப் பொறுக்கித்தான் ஊசியில் சேர்க்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போதைக்குப் பூட்ஸும் கையுறையும்தான். எலி பிடிக்க நிர்வாகம் ஆந்தைக்கூண்டு வைத்திருந்தால் நல்லது, ஆனால் ஆந்தை இருக்கிறதே என்று தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். மறுபடி காய்ச்சல் வந்தால் என்ன வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு இனிப்பு நீர். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி போட்டு, வெறுங்காலோடு மண் வெட்டுகிறார். மண்ணிலிருந்து ஏதோ கிருமி வந்து நுரையீரலைப் பிடிக்குமாமே? அதற்கு என்ன ஊசி போடலாம்?
– வாசகர், கோலகங்சார்

மெலியோய்டோசிஸைச் சொல்கிறீர்கள். ஊசி கிடையாது தம்பி.

கிருமி ஒன்றும் புதுசில்லை. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற டாக்டரும் கிருஷ்ணசாமி என்ற அவருடைய உதவியாளரும் கண்டுபிடித்தார்கள். (கிருஷ்ணசாமி எந்த ஊர்க்காரர் என்று தேடிப் பார்க்க எனக்கு ஆசை உண்டு.) இரண்டே வருஷத்தில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்த சீமைப்பெருச்சாளிகள் இதே கிருமியால் செத்து விழுந்தன. இந்தப் பேரை வைத்தவர்களும் அங்கே வேலை பார்த்த ஸ்டாண்டன், பிளெட்சர் இருவர்தான், 1921இல்.

நூறு வருஷம் கழிந்தும் ஊசி இல்லாததற்குக் காரணம், இது நம் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் சுற்றுமே தவிர, செல்லுக்குள் நுழையாது. காசநோயிலும் இதே தகராறு. அதற்கான பி.சி.ஜி. ஊசி 1921 முதல் இருக்கிறது. குழந்தைக்கு மூளைக் காசம் வராமல் காக்கும். பெரியவர்களின் நுரையீரலுக்கு நம்பிச் சொல்ல முடியாது. எம்72 என்ற புது ஊசி முந்தைய சோதனையில் சுமார் பாதிப் பேரைக் காத்தது. 2024இல் பெரிய சோதனை தொடங்கியது, பக்கத்து இந்தோனேசியாவிலும் நடக்கிறது.

இனிப்பு நீர்க்காரர்களைத்தான் மெலியோய்டோசிஸ் அதிகம் பிடிக்கிறது. அப்பாவுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். காலில் புண் இருந்தால் ஆறும்வரை மண்வெட்டியை ஒளித்து வையுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரொட்டி சானாய் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டைபாய்டு ஊசி போடச் சொல்கிறார்கள். காசு பிடுங்கும் வேலையா?
– வாசகர், சுங்கை சிப்புட்

இல்லை. வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது வெறும் சர்க்கரை உறை, புரதம் பிணைக்காதது. மேலே நிமோனியாவுக்குச் சொன்ன கதைதான். பெரியவர்களின் உடம்பு கண்டுகொள்ளும், ஆனால் சீக்கிரம் மறந்துவிடும். புரதம் பிணைத்த டைபாய்டு ஊசியை ஹைதராபாத் கம்பெனி ஒன்று செய்து, 2017 கடைசியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்றும் வாங்கியிருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம், பலனும் கூடுதல் காலம் நிற்கும். அது உங்கள் கைக்குக் கிடைக்கும்வரை உங்கள் அட்டைக்கு மூன்று வருஷக் கெடுதான். டைபாய்டு மாதிரியே வரும் பாராடைபாய்டுக்கு இந்த ஊசி கேட்காது, அதனால் மாவு பிசைகிற தம்பிக்குக் குழாயடியில் சோப்பு வைத்துக் கொடுங்கள்.